பாப்பா கிருமி படிக்கட்டுமா?

அண்ணா, நேத்து கொழிஞ்சாம்பாறையில இருந்து போன் பண்ணி "பாப்பா நர்சிங் வேணாம்ங்குது, மைக்ரோபயாலஜிதான்ங்குது, கிருமியப் படிச்சு என்ன சோறு கெடைக்கும்"னு கேட்டீங்கல்ல, பஸ் சத்தத்துல பாதிதான் சொன்னேன்.

நாத்து வேர நனைக்க கரைப்பீங்களே அந்த 200 கிராம் அசோஸ்பைரில்லம் பாக்கெட், அந்தக் கருப்புப் பொடிக்குள்ள இருக்கறதும் கிருமிதானுங்க, காத்துல இருக்கற நைட்ரஜனப் புடிச்சு பயிருக்குக் குடுக்குற கிருமி. 1925ல பெய்ஜரிங்க்னு ஒரு டச்சு விஞ்ஞானி அது சுருண்டு நெளியறதப் பாத்து ஸ்பைரில்லம்ங்கற சுருள் கிருமிக் கூட்டத்துல சேத்துட்டார். அப்புறம் ரொம்ப வருஷம் யாரும் பெருசா கண்டுக்கல. பிரேசில்ல ஜோஹன்னா டோபரைனர்னு ஒரு அம்மா புல்லு வேர்ல இருந்து மறுபடி எடுத்தாங்க, 1978ல டாரண்ட், கிரீக் ரெண்டு பேரோட சேந்து டிஎன்ஏவ ஒப்பிட்டா ரெண்டு தனி இனம் தெரியுது, அப்பதான் அசோஸ்பைரில்லம்னு தனிப் பேரினமே (பல இனம் சேந்த கூட்டம்) வந்துச்சு. 2014ல அதுலயே அமேசோனென்ஸ்ங்கற இனத்தப் பிரிச்சு நைட்ரோஸ்பைரில்லம்ங்கற வேற பேரினத்துல போட்டுட்டாங்க.

பேர மனப்பாடம் பண்றதுதான் இந்தப் படிப்புன்னு பாப்பா நெனச்சா வேணாம். லேப்ல கிருமி வளக்கற அரைக்கெட்டி மீடியத்துல வேர்த் துண்டப் போட்டு ரெண்டு மூணு நாள் விட்டா, மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ பாலாடை மாதிரி ஒரு படலம் நிக்கும் (அதுக்கு ஆக்சிஜன் கொஞ்சமாத்தான் ஆகும்), பச்சையா இருந்த மீடியம் நீலமாகும். அதப் பாத்து ஏன்னு கேக்கற புள்ளைன்னா தைரியமா சேருங்க.

வேலையா? பாக்கெட்ல ஒரு கிராமுக்கு கொறஞ்சது 5 கோடி உயிருள்ள செல் இருக்கணும்னு சட்டம், அத எண்ணிப் பாக்க ஆள் வேணும்ல, மருந்துக் கம்பெனி, பால் பண்ணை லேப்லயும் எடுக்கறாங்க. வெறும் பி.எஸ்சியோட நின்னா சம்பளம் கம்மி, மறைக்க மாட்டேன், எம்.எஸ்சி வரைக்கும் படிக்க வெக்கிறதா இருந்தா மட்டும் எறங்குங்க.

நம்ம கேரளாப் பக்கம் 2024ல இருந்து 4 வருஷ டிகிரி, 3 வருஷத்துலயும் வெளிய வரலாம். அக்ரி ஆசை இருந்தா கேரளாவுல நீட் ரேங்க் வேணும், கோயமுத்தூர் அக்ரி யுனிவர்சிட்டில பிளஸ் டூ மார்க்தான், ஆனா பாலக்காட்டு அட்ரஸ்ல போடறதுக்கு முன்னாடி இருப்பிட ரூல வாசிச்சுருங்க.

சனிக்கெழம பாப்பாவ மார்க் ஷீட்டோட கூட்டிட்டு வாங்க. வீட்ல மிச்சமிருக்கற பாக்கெட்டையும் எடுத்துட்டு வாங்க, போன தடவ வெயில்ல திண்ணையில கெடந்துச்சு, உள்ள இருக்கறது உசுரோட இருக்கான்னே சந்தேகம்.