குடுவையிலிருந்து முதல் பூ வரை: ஸ்லிப்பர் ஆர்க்கிட் கேள்வி-பதில்

இணையத்தில் ‘ஸ்லிப்பர் ஆர்க்கிட் விதை, 50 எண்ணம்’ என்று வாங்கித் தேங்காய் நார்த்தூளில் விதைத்தேன். இரண்டு மாதமாகியும் முளைக்கவில்லையே? (சென்னை)

முளைக்காது. ஸ்லிப்பர் ஆர்க்கிட் என்பது செருப்பு முனை போன்ற பை இதழ் கொண்ட ஆர்க்கிட். ஆர்க்கிட் விதை தூசு போன்றது, ஐம்பது என்று எண்ணி யாராலும் பொட்டலம் கட்ட முடியாது. விரலால் எடுத்து ஒவ்வொன்றாக ஊன்ற முடிந்தது என்றால் உங்களுக்கு வந்தது வேறு ஏதோ விதை. ஆர்க்கிட் விதைக்குள் முளைக்குத் தேவையான உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை அதற்கு ஊட்டுகிறது. ஆய்வகக் குடுவையில் சர்க்கரையும் உப்புகளும் கலந்த அகர் என்ற கடற்பாசி ஜெல்லி ஊட்டுகிறது. 1922-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் காட்டிய வழி அது. தொட்டி மண்ணில் இரண்டுமே இல்லை.

என் இன்சிக்னே (ஸ்லிப்பர் ஆர்க்கிட்டில் ஒரு வகை) செடியில் நானே மகரந்தம் வைத்தேன், காய் பிடித்துவிட்டது. எப்போது பறிக்கலாம்? (கோத்தகிரி)

மகரந்தம் வைத்த தேதியை நீங்கள் எழுதவில்லை. செடியில் சீட்டும் கட்டவில்லை என்றே நினைக்கிறேன். சீட்டு கட்டுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? பொதுவாக எட்டு முதல் பத்து மாதம் ஆகும். காயின் நுனி மஞ்சளாகத் தொடங்கியதும், வெடிப்பதற்கு முன்பே, பறித்து ஆய்வகத்தில் கொடுங்கள். வெடித்தால் விதை காற்றோடு போய்விடும். விதைத்த பிறகு சில மாதங்கள் குடுவை இருட்டில் இருக்கும். சில காய்கள் புல்வெளி போல் முளைக்கும், சிலவற்றில் ஒன்றுகூட முளைக்காது. இந்த இனத்தில் இது சகஜம், ஆய்வகத்தைக் குறை சொல்லாதீர்கள். தொட்டிக்கு வரும் அளவு நாற்றாக ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆகும்.

குடுவையிலிருந்து எடுத்த 20 நாற்றுகளில் 14 அழுகிவிட்டன. என்ன தவறு? (ஏற்காடு)

நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு தவறுகள் தெரிகின்றன. முதலாவது, வேர்களுக்கிடையில் அகர் இன்னும் ஒட்டியிருக்கிறது. அந்த ஜெல்லியில் சர்க்கரை உண்டு, பூசணம் அங்கேதான் முதலில் பிடிக்கும். ஸ்லிப்பர் ஆர்க்கிட்டின் வேரில் பழுப்பு மயிர் அடர்ந்திருப்பதால் ஒருமுறை அலசினால் போகாது. வெதுவெதுப்பான நீரில் மூன்று, நான்கு முறை, விரலால் வருடி அலச வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு நாற்றையும் தனித் தொட்டியில் வைத்திருக்கிறீர்கள், அதுவும் டம்ளரைவிடப் பெரிய தொட்டி. பெரிய தொட்டியின் நடு காயவே காயாது. ஓர் அகலமான, ஆழமற்ற தட்டில் பொடி மரப்பட்டையும் கரியும் போட்டு எல்லா நாற்றுகளையும் நெருக்கமாக நடுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மூன்று, நான்கு வாரங்களில் மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து பழக்குங்கள். காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். குருத்துக்குள் இரவில் நீர் நிற்கவே கூடாது.

பொதிகை மலையிலிருந்து ட்ரூரி செடி கொண்டுவந்து தருவதாக ஒருவர் சொல்கிறார். நாற்று வாங்கினால் ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டுமே, காட்டுச் செடியையே வாங்கிவிடலாமா? (நாகர்கோவில்)

வாங்காதீர்கள். உங்கள் ஊருக்கு அருகிலிருந்தே இந்தக் கேள்வி வந்திருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. பாஃபியோபெடிலம் ட்ரூரி, மஞ்சள் இதழின் நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடும் அந்தப் பூ, உலகத்திலேயே அகத்தியமலைத் தொடரில் மட்டும்தான் இயற்கையாக இருக்கிறது. 1865-இல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்த செடி. பின்னாளில் வணிகர்கள் மூட்டை மூட்டையாகப் பிடுங்கிப் போனதில் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுகளைப் பெயர் சொல்லிக் காக்கிறது. பிடுங்கினாலும் விற்றாலும் சிறை உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சாக்குப் பையில் பதினொரு தூர்களை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஒரு தூரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இந்தச் செடியில் ஒவ்வொரு இலைக்கொத்தும் ஒரே முறைதான் பூக்கும், பிறகு பக்கக் கன்று விடும். அந்தத் தூரில் பூத்து ஓய்ந்த கொத்துகளின் அடிக்கட்டைகள் மட்டும் ஏழு இருந்தன. குறைந்தது பத்து, பதினைந்து ஆண்டு பாறையிடுக்கில் வாழ்ந்த செடி அது. வேர்கள் அடியோடு அறுந்திருந்தன. ஆறு மாதத்தில் பதினொன்றும் செத்தன. வாங்கியவருக்குப் பூவும் கிடைக்கவில்லை, மலையில் செடியும் இல்லை.

காத்திருக்க முடியவில்லை என்கிறீர்கள். அகர் குடுவை வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1869-இல், விதையிலிருந்து வளர்ந்த ஹாரிசியானம் என்ற ஸ்லிப்பர் ஆர்க்கிட் கலப்பினம் இங்கிலாந்தில் பூத்துவிட்டது. அவர்கள் காத்திருந்தார்கள். இன்று நல்ல காய் ஒன்றிலிருந்து நூற்றுக்கணக்கில் நாற்று எடுக்கலாம். உரிமம் உள்ள நாற்றங்காலில் குடுவை நாற்று வாங்குங்கள். அது தொட்டியிலேயே வளர்ந்தது, தொட்டியிலேயே பிழைக்கும்.

ஆறு வருடமாகியும் என் செடி பூக்கவில்லை. என்ன உரம் போடலாம்? (பெங்களூரு)

என்ன செடி? இலையில் புள்ளி உண்டா, வெறும் பச்சையா? எதையும் எழுதாமல் உரம் கேட்கிறீர்கள். புள்ளி இலைக் கலப்பினமானால் தொட்டிக்கு வந்த மூன்று, நான்கு ஆண்டில் பூத்திருக்க வேண்டும். வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். இன்சிக்னே வகையானால் குளிர்ந்த இரவு வேண்டும். ராத்ஸ்சைல்டியானம் என்ற வகை என்றால் பத்து ஆண்டுக்குமேல்கூட ஆகும். தொட்டி பெரிதாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

செடியோடு ஆப்பிள் துண்டை வைத்து மூடினால் பூக்குமாமே? (கோவை)

அது அன்னாசிக் குடும்பத்துக்கான உத்தி. இதற்கு வேண்டாம்.

‘மாடியே’ (Maudiae) என்ற ஸ்லிப்பர் கலப்பின நாற்று முதன்முறையாகப் பூத்தது. பூ சிறியது, ஒரு பக்கம் கோணல். தூக்கி எறிந்துவிடவா? (கொடைக்கானல்)

எறியாதீர்கள். முதல் பூவை வைத்துச் செடியை எடை போடக் கூடாது. இரண்டாம், மூன்றாம் பூவில்தான் அதன் உண்மையான அளவு தெரியும். மொட்டு தலைகாட்டிய பிறகு தொட்டியைத் திருப்பினீர்களா? வெளிச்சம் தேடித் தண்டு முறுக்கிக்கொள்ளும், கோணல் பெரும்பாலும் அதனால்தான். மற்ற ஆர்க்கிட்டுகளைப் போல இவற்றைத் திசு வளர்ப்பில் அச்சாகப் பெருக்க முடிவதில்லை. ஒரே காயில் பிறந்த நாற்றுகளும் வேறு வேறு பூப் பூக்கும். உங்களிடம் இருப்பதைப் போல் இன்னொன்று கிடையாது. பூ உதிர்ந்ததும் தண்டை மட்டும், சுடரில் காட்டி ஆறவிட்ட கத்தியால் வெட்டுங்கள். இலைகளைத் தொடாதீர்கள், பக்கத்தில் வரும் கன்றுக்கு அவைதான் சோறு. வெட்டிய அன்று குருத்தில் தண்ணீர் படக் கூடாது. பூத்த தேதியைச் சீட்டில் எழுதிவையுங்கள்.