சீட்டுக் காசில் பேஸ் கிட்டார்

அரிசி குக்கர், எரிவாயு அடுப்பு என்று போய்க்கொண்டிருந்த இந்தப் பகுதிக்கு இம்முறை தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் பற்றி ஐந்து கேள்விகள் வந்திருக்கின்றன. திருவிழா மேடையிலும் கல்யாண வீட்டிலும் இருபது வருடம் அதைத் தோளில் சுமந்து வலி வாங்கியவன் நான். அதனால் சில பதில்கள் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று வருடமாகச் சாதாரணக் கிட்டார் வாசிக்கிறேன். எங்கள் தோட்டத்து இசைக்குழுவில் பேஸ் வாசிக்க ஆள் இல்லை. என்னைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். சீட்டு எடுத்த காசு கையில் இருக்கிறது. ஹட்டனில் ஒருவர் பாவித்த ஐந்து கம்பி பேஸ் ஒன்றை விற்கிறார். அதே விலைக்குக் கொழும்பில் புதிய நான்கு கம்பி பேஸ் கிடைக்கும் என்கிறார்கள். எதை வாங்குவது? காசு முழுவதையும் கிட்டாரிலேயே போட்டுவிடலாமா ஐயா?
(வாசகர், பொகவந்தலாவை)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் தம்பி: போடாதீர்கள். சாதாரணக் கிட்டாருக்கு அதன் வயிறே ஒலிபெருக்கி. பேஸுக்கு வயிறு கிடையாது. மின்சாரம் இல்லாமல் தட்டினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. ஆகவே நீங்கள் வாங்கப்போவது பாதி வாத்தியம்தான், மறுபாதி ஒலியைப் பெருக்கும் அம்ப்ளிபயர், சுருக்கமாக அம்ப். எனக்குத் தெரிந்து எத்தனையோ பேர் இருந்த காசையெல்லாம் மினுங்கும் மரத்தில் கொட்டிவிட்டு, ஒலிக்கு யாரோ தூக்கியெறிந்த ரேடியோப் பெட்டியை நம்பியிருந்தார்கள். நூறு ரூபாய் இருந்தால் ஐம்பத்தைந்து கிட்டாருக்கு, முப்பது அம்புக்கு, மிச்சம் தோள் வார், வயர், சுருதி காட்டும் டியூனர், ஒரு நல்ல கைக்காரர் கம்பி உயரத்தைச் சரிசெய்து தருவதற்கான கூலி. இது என் கணக்கு. இதைவிடக் கிட்டார் பக்கம் சாய விடாதீர்கள்.

நான்கா ஐந்தா? நான்கு. நான்கு கம்பி பேஸின் தடித்த கம்பி செக்கனுக்கு ஏறக்குறைய 41 தடவை அதிரும். ஐந்து கம்பியில் அதற்கும் கீழே ஒன்று வரும். அது 31 தடவை. எட்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த சிறிய அம்ப் இந்த இரண்டையும் முழுமையாகக் கொடுக்காது. 41ஐ மேல் சுரங்களின் துணையோடு காது தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். நம் காது அவ்வளவு கெட்டிக்காரக் காது. ஆனால் 31இல் மிஞ்சுவது வெறும் கரகரப்புத்தான். பைலாவுக்கு ஐந்தாவது கம்பி தேவையே இல்லை. அங்கே வேலை முழுவதும் விரலின் துள்ளலில் இருக்கிறது. புதிய சினிமாப் பாட்டுகளில் கீபோர்டில் வாசித்த பேஸ் சில இடங்களில் நான்கு கம்பிக்கும் கீழே இறங்கும் என்பது உண்மை. அந்த இடங்களை ஒரு ஸ்தாயி மேலே வாசியுங்கள், அல்லது தடித்த கம்பியை ஒரு முழுச்சுரம் தளர்த்தி வையுங்கள். கல்யாண வீட்டில் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து வந்து யாரும் கேட்கப்போவதில்லை.

புதியதா பாவித்ததா என்றால், பார்த்து வாங்கத் தெரிந்தவனுக்குப் பாவித்ததுதான் லாபம் என்பேன். ஹட்டன்காரரிடமே நான்கு கம்பி ஏதும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் எதைப் பார்ப்பதானாலும் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள்.

முதலில் கழுத்து. தச்சர் பலகையை ஒற்றைக் கண்ணால் நோட்டம் விடுவாரே, அப்படித் தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் இரு ஓரங்களையும் பாருங்கள். நடுவில் மயிரிழை பள்ளமிருந்தால் அது குறையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு ஓரம் ஒருபக்கமும் மற்ற ஓரம் வேறுபக்கமும் திரும்பி நின்றால் கழுத்து முறுகியிருக்கிறது. விலை எவ்வளவு இறங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள். பள்ளத்தை அளக்க ஒரு வழி: தடித்த கம்பியை முதல் கட்டையிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் கட்டை) கடைசிக் கட்டையிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் கம்பிக்கும் கட்டைக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு இடைவெளி போதும். அதைவிடக் கூடினால் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கிச் சரிசெய்யலாம். அந்த இரும்புக் கம்பியின் முறுக்காணி உண்மையில் திரும்புகிறதா என்று விற்பவரையே கால் சுற்றுத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் தொடக்கூடாது தம்பி" என்றால் அது துருப்பிடித்து நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நான்கு கம்பியிலும் ஒவ்வொரு கட்டையாக அழுத்தி வாசியுங்கள். சலிப்பான வேலைதான், பத்து நிமிடம் பிடிக்கும். ஓரிடத்தில் மட்டும் சுரம் செத்தோ இரைந்தோ கேட்டால் அங்கே கட்டை தேய்ந்திருக்கிறது. பன்னிரண்டாவது கட்டையில் அழுத்தும்போது, திறந்த கம்பியின் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும், டியூனர் காட்டிக்கொடுக்கும். சற்று விலகினால் பாலத்தில், அதாவது உடல்பக்கம் கம்பிகளைத் தாங்கும் உலோகத் துண்டில், உள்ள திருகாணிகளால் திருத்திவிடலாம். ஆனால் நம் மலைநாட்டுச் சாரலில் முதலில் சாவது இந்தத் திருகாணிகள்தான். தேயிலைத் தொழிற்சாலைக் கூரைத் தகரம்போல் துரு ஏறிய பாலத்தோடு ஒரு பேஸ் என்னிடம் வந்தது. திருகாணி அசையும் முன்னே அதன் தலை அறுந்துவிட்டது.

கடைசியாக அம்பில் பொருத்திப் பாருங்கள். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான். விலையில் குறைத்துக் கேளுங்கள். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பயப்பட வேண்டாம், வயரிங் ஒழுங்காக இருக்கிறது. தொட்டதும் கூடினால் உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

தலையில் ஒட்டியிருக்கும் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் வடிவத்தை அன்றுமுதல் உலகமே நகலெடுக்கிறது. பெயர் ஸ்டிக்கரும் தனியாகவே கிடைக்கிறது. ஸ்குவையர், யமஹா, ஐபனெஸ் ஆகியவற்றின் ஆரம்ப நிலைக் கருவிகள் உங்களுக்குத் தாராளமாகப் போதும். விலை பேசும்போது ஒன்றை மறக்காதீர்கள்: பேஸ் கம்பி சாதாரணக் கிட்டார்க் கம்பியின் விலையில் கிடைக்காது. கம்பி கறுத்திருந்தால் புதிய தொகுதியின் விலையை அப்படியே கழித்துக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணனின் எலெக்ட்ரிக் கிட்டார் அம்ப் வீட்டில் இருக்கிறது, 15 வாட். அதிலேயே பேஸைப் போட்டு வாசிக்கலாமா?
(வாசகர், மஸ்கெலியா)

பதில்: மெதுவாக, லயன் வீட்டுச் சுவருக்கு அப்பால் கேட்காத அளவில் வாசித்தால் ஒன்றும் ஆகாது. குழுவோடு சேர்ந்து சத்தத்தைக் கூட்டினீர்களோ, தாழ்ந்த சுரங்களுக்கு அந்த ஸ்பீக்கரின் கூம்பு அளவுக்கு மீறி முன்னும் பின்னும் ஓடி ஒரு நாள் கிழியும். அண்ணனிடம் அடி வாங்குவது உங்கள் பாடு. எதிர்த்திசையில் பயமில்லை: பேஸ் அம்பில் கிட்டார் வாசிக்கலாம், ஒலி கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். காசில்லாத காலத்தில் ஜாக்கில் நேரடியாகச் செருகும் சிறிய ஹெட்ஃபோன் அம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்கும் பயிற்சி செய்யலாம். விடியற்காலை கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் தூக்கமும் கெடாது.

கேள்வி: ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய பேஸ் அம்ப் ஒன்றைக் கண்டியில் மலிவாகச் சொல்கிறார்கள். பார்வைக்குப் புதிதுபோல் இருக்கிறது. நம்பலாமா?
(வாசகர், தலவாக்கலை)

பதில்: முன்பக்கத்தைப் பார்த்துவிட்டீர்கள், இனிப் பின்பக்கத்தைப் பாருங்கள். மின்வயர் நுழையும் இடத்தருகே 100 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஜப்பானிய வீட்டுக்குச் செய்தது. நம் சுவரில் வருவது 230 வோல்ட். நேரடியாகச் செருகினால் புகையோடு கதை முடியும். வோல்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பாவிக்கலாம். ஆனால் அது அம்பில் குறிப்பிட்டுள்ள மின்நுகர்வைவிடத் தாராளமான கொள்ளளவோடு இருக்க வேண்டும். அதன் விலையையும் எடையையும் கூட்டிப் பார்த்தால் மலிவு எங்கே போயிற்று என்று தெரியும். 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் யோசிக்காமல் எடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய லயன்களில் பல இடங்களில் பூமியிணைப்பு ஒழுங்காக இல்லை. பேஸ் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டு ஒரு மேடையில் நான் பின்னால் விழுந்திருக்கிறேன்; கூட்டம் அதை நடனம் என்று நினைத்துக் கைதட்டியது. வாசிக்கும் இடத்தில் மின்சார வேலை தெரிந்தவரைக் கொண்டு பூமியிணைப்பைப் பார்க்கச் செய்யுங்கள். இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்க ஆசைப்படுகிறாள். கை சின்னது. கடையில் குட்டை பேஸ் ஒன்றைக் காட்டி, "இது பிள்ளைகள் விளையாடுவது, பெரியதையே வாங்குங்கள்" என்கிறார்கள்.
(வாசகி, நுவரெலியா)

பதில்: கடைக்காரர் தன்னிடம் தேங்கியிருப்பதை விற்கப் பார்க்கிறார் போலிருக்கிறது. வழக்கமான பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம், குட்டையில் 30. நான்கு அங்குலம்தானே என்று தோன்றும். கையை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்: தலைப்பக்க விளிம்பிலிருந்து நான்காவது கட்டைவரை நீளமானதில் ஏறக்குறைய 178 மில்லிமீற்றர், குட்டையில் 157. சின்ன விரல்களுக்கு அந்த இரண்டு சென்ரிமீற்றர் பெரிய தூரம் அம்மா. விளையாட்டுச் சாமான் என்ற பேச்சுக்கு ஒரே பதில் போதும்: பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய வயலின் வடிவ ஹொஃப்னர் குட்டை பேஸ்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கம்பி வாங்கும்போது குட்டைக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள். நீளக் கம்பியை வெட்டிப் போட்டால் அதன் தடித்த பகுதி தலையிலுள்ள சுருதி ஆணியில் சுற்றி வளைந்து பிரியத் தொடங்கும். எடையையும் பாருங்கள், நின்றபடி அரை மணி நேரம் மகளின் தோளில் மாட்டி வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: கொழும்புக் கடையொன்றில் புதிய பேஸ் வாங்கி ரயிலில் கொண்டுவந்தேன். ஒரு வாரத்தில் கம்பிகள் கட்டையில் இடித்து இரைகின்றன. கடைக்காரர் "விற்றால் திரும்ப எடுப்பதில்லை" என்கிறார். என்ன செய்வது?
(வாசகர், பண்டாரவளை)

பதில்: சண்டைக்குப் போகுமுன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கழுத்து மரம். கொழும்பு வெக்கையிலிருந்து மலைக் குளிருக்கு வந்தால் அது அசையும், கம்பி உயரம் மாறும். முதல் வேலையாகக் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழகிய கை என்றால் சில நிமிட வேலை. பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால், அல்லது கழுத்து முறுகியிருந்தால், அது பொருளின் குறை. பற்றுச்சீட்டை எடுத்து வையுங்கள், இரைச்சலைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள், கடைக்கு முதலில் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தது அது. தொலைபேசி 1977. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். வாய்ப்பேச்சில் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இழுத்தடிக்கிற கடைகள் எண்ணிக்கொண்டிருப்பது அந்த நாட்களைத்தான்.

பேஸைச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறீர்களா? மழைக்காலத்தில் ஈரம் ஊறும் சுவர் என்றால் உடனே உறைக்குள் போடுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இரண்டையும் உள்ளே வையுங்கள். வாசித்து முடித்ததும் பழைய சாரத் துணியால் கம்பிகளை ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.