ஹைட்ரோபோனிக்ஸ் செடிகளுக்கு ஆர்ஓ தண்ணீர் கட்டாயமா, குழாய்த் தண்ணீர் போதாதா?

உங்கள் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதை விட, என்ன உப்பு என்பதை முதலில் பாருங்கள். ஆர்ஓ, அதாவது தண்ணீரின் உப்பை வடிகட்டும் கருவி, வாங்குவதா வேண்டாமா என்பது அதற்கு அப்புறம்தான். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 600 காட்டுகிறது, கடைக்காரர் குழாய்த் தண்ணீரே போதும் என்கிறார் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நானும் அப்படி ஒரு வார்த்தையை நம்பித்தான் 240 லெட்யூஸ் கீரைச் செடிகளைக் குப்பையில் கொட்டினேன். ஹைட்ரோபோனிக்ஸ் என்றால் மண் இல்லாமல் ஊட்டம் கலந்த தண்ணீரில் செடி வளர்ப்பது; நீங்கள் மாடியில் பிவிசி குழாய் வரிசை போட்டு, தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்ற விடும் முறை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரிய பசுமைக்குடில் நடத்துபவர்களுக்கு இது தெரிந்த கதை, அவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

2020இல் மஸ்கட்டில் வேலை போய் ஊருக்கு வந்தேன். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கம், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கிணறு இருக்கிறது, கோடையிலும் வற்றாது. மீட்டரை விட்டுப் பார்த்தால் 780. குழாய், பம்ப், ஊட்டக் கரைசல் எல்லாம் சேர்த்து விற்றவர், "மனுசன் குடிக்கிற தண்ணிதானே, செடியும் குடிக்கும். கரைசல் கலந்து 800க்குக் கொண்டுவந்தால் போதும்" என்றார். நானும் கலந்தேன். கொஞ்சம் ஊற்றியதுமே மீட்டர் 800ஐத் தொட்டுவிட்டது, நிறுத்திவிட்டேன். அந்த 800இல் செடிக்கான உணவு வெறும் 20 என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை அளந்து, அதை ஓர் எண்ணாக மாற்றிக் காட்டும் கருவி. கால்சியமா, நைட்ரேட்டா, கடல் உப்பா என்று அதற்குத் தெரியாது.

இரண்டாவது வாரம் இலை வெளுத்தது. மூன்றாவது வாரம் ஓரம் கருகியது. செடி தண்ணீரை உறிஞ்சுகிறது, சோடியத்தைப் பெரும்பாலும் தொட்டியிலேயே விட்டுவிடுகிறது. குறைந்த தண்ணீருக்குப் பதில் நான் மறுபடி அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறேன். உப்பு ஏறிக்கொண்டே போனது. என் அம்மை மாடிக்கு வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "லே மக்கா, இந்த வெள்ளத்துல பருப்பே வேவாது, பின்ன செடி எங்கலே வளரும்?" எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். அவள் சொன்னதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

சரி, ஆர்ஓ போட்டால் தீர்ந்தது என்று அதையும் வாங்கினேன். இப்போது மீட்டர் 25. கரைசலை 800 வரை கலந்தேன், செடி தளதளவென்று வந்தது. நாலாவது வாரம் நடுக்குருத்து இலைகளின் நுனி பழுப்பாகியது. கால்சியம் போதவில்லை. நான் வாங்கிய ஊட்டக் கலவை, சாதாரணத் தண்ணீரில் கொஞ்சம் கால்சியம் இருக்கும் என்ற கணக்கில் செய்தது. ஆர்ஓ நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே வடித்துவிடுகிறது. பிஎச்சும், அதாவது தண்ணீரின் அமில, கார அளவும், ஒரே நிலையில் நிற்காது, ஏனென்றால் தாங்கிப் பிடிக்கிற பைகார்பனேட் அதில் இல்லை. ஒரு நாள் காலையில் 4.9 காட்டியது, லெட்யூஸுக்கு 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். கால்சியம் நைட்ரேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும் தனியாகச் சேர்த்த பிறகுதான் அந்த நுனிக் கருகல் நின்றது. அப்புறம், ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வெளியே போனது. அதைத் தென்னைக்கு விட்டேன். தென்னை உப்பைத் தாங்கும், அதன் அடியில் உப்பு போடுகிற வழக்கமே எங்கள் பக்கம் உண்டு. தென்னை இல்லாதவர்கள் எங்கே கொட்டுவார்கள்?

இந்த நேரத்தில்தான் பெரிய தொட்டி வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். விவசாயக் கடனுக்குப் பட்டா எண் கேட்டார்கள். மாடிக்கு ஏது பட்டா? வீட்டு வரி ரசீதைக் காட்டினேன். "மண்ணே இல்லாம என்ன விவசாயம் சார், கல்ஃப்ல இருந்து வந்தவருக்குக் கடன் எதுக்கு?" என்று அந்த அலுவலர் எல்லார் முன்னாலும் கேட்டார். பதினான்கு வருடம் வெளிநாட்டில் இருந்தால் வீட்டில் பணம் அடுக்கி வைத்திருப்போம் என்ற நினைப்பு. இரண்டு தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்து, இந்த வீட்டையும் கட்டி முடித்தபோது கையில் ஒன்றும் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கடைசியில் வீட்டுக்காரியின் வளையலை வைத்துத்தான் தொட்டி வந்தது.

அந்தத் தொட்டியில் இப்போது மழைத் தண்ணீர்தான். எங்கள் மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்குமாக இரண்டு பருவமழை. ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் 2,300 லிட்டருக்கு மேல் விழுகிறது. சிந்தியது போக 2,000 பிடிக்கலாம். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள், தூசியும் கடற்காற்று கொண்டுவந்த உப்பும் அதோடு போய்விடும். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன், சோடியம் லிட்டருக்கு 170 மில்லிகிராம் என்று வந்தது. மூன்று பங்கு மழைத் தண்ணீர், ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர் கலந்தால் அது 43க்கு இறங்குகிறது. கிணற்றின் கால்சியமும் கொஞ்சம் கிடைக்கிறது. மழை கிடைக்காத மார்ச், ஏப்ரலில் மட்டும் ஆர்ஓவை ஓட்டுகிறேன். அதனால் நான் ஆர்ஓவுக்கு எதிரி என்று யாரும் எழுத வேண்டாம்.

குழாய்த் தண்ணீரே கெட்டது என்றும் சொல்லவில்லை. குலசேகரத்தில் என் அக்கா வீட்டுக் குழாயில் அதே மீட்டர் 90 காட்டியது. ராத்திரி திறந்த வாளியில் பிடித்து வைத்து, குளோரின் வாடை போனதும் காலையில் ஊற்றுகிறாள். வேறு எந்தச் செலவும் இல்லை. புதினாவும் பாலக்கும் என் மாடியை விட நன்றாக வருகின்றன.

நீங்கள் ஊரைச் சொல்லவில்லை. மண் பரிசோதனை நிலையங்களில் பாசனத் தண்ணீரும் பார்ப்பார்கள். சோடியம், குளோரைடு, பைகார்பனேட், கால்சியம் நான்கையும் கேட்டு வாங்குங்கள். சோடியம் 50க்குள் இருந்தால் அந்த 600ஐப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆனால் கரைசலை அளக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள். வீட்டில் உப்புப் போடுகிற வாட்டர் சாஃப்ட்னர் இருந்தால் தண்ணீரை அதற்கு முன்னாலேயே பிடியுங்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிற கருவி.