அவுட்போர்டு மோட்டார் ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது, கார்ப்ரேட்டரை மாற்றலாமா?

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கரையில் கிடந்த, படகின் பின்னால் மாட்டுகிற 9.9 குதிரைத்திறன் மோட்டார், இப்போது ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடத்தில் அணைகிறது, மெக்கானிக் கார்ப்ரேட்டரை மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

மோட்டார் நின்றதும் ஸ்டார்ட் கயிற்றை இழுக்காமல், முதலில் பெட்ரோல் ஓஸின் நடுவில் இருக்கிற ரப்பர் பல்பைப் பிடித்துப் பாருங்கள். சப்பையாக ஒட்டிப் போயிருந்தால் டேங்க் பக்கம் அடைப்பு, பெரும்பாலும் டேங்க் மூடியில் இருக்கிற காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்போம், திறந்ததும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கும். தொளதொளவென்று இருந்து, நாலு தடவை அமுக்கியதும் மோட்டார் மறுபடி ஓடினால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, இல்லையென்றால் மோட்டாரில் இருக்கிற பெட்ரோல் பம்பின் டயாப்ரம் (உள்ளே இருக்கிற மெல்லிய ரப்பர் தகடு) போயிருக்கிறது. பல்ப் கல் மாதிரி இருந்தும் அணைந்தால்தான் பிளக், பிளக்குக்கு மின்சாரம் தருகிற காயில், கார்ப்ரேட்டர் பக்கம் போக வேண்டும்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் அலை உடைகிற இடத்தைத் தாண்டும்போதே எங்கள் மோட்டார் இரண்டு தடவை நின்றது. படகு குறுக்கே திரும்பிவிட்டது, துடுப்பைப் போட்டுத்தான் நிமிர்த்தினோம், இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அதற்கு முன்பே காசு கொடுத்து கார்ப்ரேட்டரை இரண்டு முறை சுத்தம் செய்திருந்தோம். கடைசியில் பல்பைக் கெட்டியாகும்வரை அமுக்கிப் பிடித்தபோது, மோட்டாரில் ஓஸ் மாட்டுகிற கனெக்டரின் ஓரத்தில் வியர்வை மாதிரி பெட்ரோல் கசிந்தது. உள்ளே இருந்த சின்ன ரப்பர் வளையத்தை நகத்தால் நெருடிப் பார்த்தால் ஒரு வெடிப்பு. அவ்வளவுதான், வளையத்தை மாற்றினோம், சரியாகிவிட்டது.

உங்கள் விஷயத்தில் பழைய பெட்ரோலையும் சந்தேகப்படுவேன். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, கடல் காற்றில் நாள்கணக்காக நின்றால் ஈரத்தை இழுத்து, தண்ணீராக அடியில் பிரிந்துவிடலாம். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து கண்ணாடி பாட்டிலில் வைத்துப் பாருங்கள், கலங்கியிருந்தாலோ அடியில் தனியாக ஒரு கோடு தெரிந்தாலோ முழுவதையும் கொட்டிவிட்டு, ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். டூ ஸ்ட்ரோக் என்றால் புதிய பெட்ரோலில் ஆயிலை உங்கள் மோட்டார் புத்தகத்தில் சொன்ன அளவில் கலக்குங்கள், 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி.

அப்புறம், சோக்கைப் பாதி இழுத்தால் ஓடி, உள்ளே தள்ளினால் அணைகிறதா? அப்படியானால் கார்ப்ரேட்டரின் ஐடில் ஜெட் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வருகிற சின்னத் துளை) அடைத்திருக்கலாம். அதற்கும் சுத்தம் செய்தால் போதும், புதிது வாங்க வேண்டாம். சூடானதும் நின்று, ஆறினதும் ஓடினால் காயில்தான் என் முதல் சந்தேகம்.

இதையெல்லாம் கடலில் போய்ச் சோதிக்காதீர்கள். கரையிலேயே பெரிய டிரம்மில், தண்ணீர் உறிஞ்சும் துளை நன்றாக மூழ்கும்படி வைத்து கியர் போடாமல் பத்து நிமிடம் ஓட விடுங்கள், குளிர்த்தண்ணீர் பீச்சுகிறதா என்று பார்த்துக்கொண்டே. நிற்கும்போது பல்ப் எப்படி இருந்தது என்று எழுதுங்கள், அடுத்து எதைக் கழற்றலாம் என்று சொல்கிறேன்.