லஸ்கீட்டித் தீவில் வீடு வாங்க நினைக்கும் தம்பிக்கு

தம்பி, கனடாவின் வன்கூவருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, வீட்டிலிருந்தே வேலை, இந்த மேற்குக் கடலோரத்து லஸ்கீட்டித் தீவில் பத்து ஏக்கரோடு பழைய குடியேறிகள் கட்டிய வீடொன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, நகரத்து விலையோடு பார்த்தால் மலிவு, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே தீவில் அதே மாதிரி வீட்டில் நானும் கணவரும் பதினெட்டு வருடம் இருந்தோம். அதை விற்று முடிக்க மூன்று கோடைகாலம் பிடித்தது. அந்த விற்ற கதையைச் சொல்கிறேன். நாளைக்கு உங்களிடம் வாங்க வருகிறவர் என்னென்ன கேட்பார் என்பது அதில் இருக்கிறது. அவற்றை இப்போதே நீங்கள் கேட்டுவிடுங்கள்.

எங்கள் முகவர் விளம்பரத்தின் முதல் வரியிலேயே வீட்டின் பழைமையைத்தான் போட்டார். அது உண்மையும்கூட. 1860 முதல் பிரிட்டிஷ் கொலம்பியா என்னும் இந்த மாகாணத்தில், அளக்கப்படாத அரச காணியில் 160 ஏக்கர் வரை ஒருவர் எல்லை குறித்துப் பதிந்துகொண்டு, அங்கேயே குடியிருந்து காடு வெட்டிப் பண்படுத்தினால், பிறகு பணம் கட்டிச் சொந்தமாக்கலாம் என்றிருந்தது. யாழ்ப்பாணக் கணக்கில் 2,560 பரப்பு! லஸ்கீட்டிக்கு வந்தவர்கள் செம்மறி வளர்த்தார்கள். அவற்றின் வழிவந்த ஆடுகள் இன்றும் அந்தக் காட்டில் கட்டாக்காலியாகத் திரிகின்றன. எங்கள் காணியும் அப்படி எடுத்த ஒரு பெருங்காணியின் துண்டுதான். கேதுரு மரத்தில் கட்டிய களஞ்சியமும் யாரோ நட்ட ஆப்பிள் மரங்களும் இருந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவற்றைப் படம் எடுத்தார்கள், நன்றி சொன்னார்கள், போய்விட்டார்கள்.

இரண்டாவது கோடையில் அந்த முதல் வரியை நான் மாற்றச் சொன்னேன். ‘முதல் குடியேறிகளின் வீடு’ என்று அதில் இருந்தது. ஒரு வருடம் கடற்கரைப் பக்கம் வெங்காயத்துக்குப் பாத்தி வெட்டியபோது, சாண் ஆழத்திலேயே சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக வந்தன. இந்தக் கரையின் ஆதிக்குடிகளான கோஸ்ட் சேலிஷ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து உண்ட இடம் அது. 160 ஏக்கர் எடுக்கும் உரிமையை 1866இல் வந்த சட்டம், ஆளுநரின் தனி அனுமதி இருந்தாலன்றி, அந்த மக்களுக்கு இல்லாமல் செய்தது. சொந்தக் காணியை விட்டு வந்தவள் நான். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த ‘முதல்’ என்ற சொல்லோடு வீட்டை விற்க எனக்கு மனம் வரவில்லை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய சட்டமும் இருக்கிறது. 1846க்கு முந்திய இப்படியான தடங்கள் தனியார் காணிக்குள் இருந்தாலும் பாதுகாக்கப்பட்டவை. அனுமதி இல்லாமல் மண்ணைக் கிளறக்கூடாது. அங்கே கட்டடம் எழுப்ப வேண்டுமென்றால் ஆய்வுச் செலவு பெரும்பாலும் காணிக்காரர் தலையில்தான் விழும். நாங்கள் எல்லோரிடமும் மறைக்காமல் சொன்னோம். ஒருவர் அதைக் கேட்டுத்தான் விலகினார். நீங்கள் பார்க்கும் காணியில் பதிவான இடம் ஏதும் உண்டா என்று மாகாணத் தொல்லியல் பிரிவிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இனித் தண்ணீர். நான் பிறந்தது நெடுந்தீவில். கிணற்றை அளவுக்கு மேல் இறைத்தால் உவர் ஏறும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கனடாவில் தண்ணீருக்கு என்ன குறை என்று நினைக்கிறீர்கள். இந்தத் தீவுகளில் மழையெல்லாம் மாரியில் கொட்டிவிடுகிறது, ஜூலையும் ஆகஸ்டும் காய்ந்துபோகின்றன, கடலோரக் கிணறுகளில் இங்கேயும் உப்பு ஏறுகிறது. வாங்குகிறவர்கள் மே மாதம் வருவார்கள், கிணறு நிறைந்திருக்கும். என் கணவர் ஒவ்வொரு செப்டம்பரிலும் கயிறு விட்டு அளந்து ஒரு கொப்பியில் எழுதிவந்தார். பதினோரு வருடக் கணக்கு அதில் இருந்தது. மூன்றாவது கோடையில் வந்த தம்பதி ஆப்பிள் மரங்களைப் பார்க்கவில்லை, அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கி மேசையில் வைத்து ஒரு மணி நேரம் படித்தார்கள். வீட்டை வாங்கியது அவர்கள்தான்.

வங்கிக் கடன் சிக்கல் எங்களிடம் வந்த நாலு பேரில் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியது. தீவுக்கு மின்சபையின் கம்பி வரவில்லை. சூரியத் தகடு, மின்பிறப்பாக்கி, விறகு அடுப்பு என்று ஒவ்வொரு வீடும் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கரையில், வன்கூவர் தீவில் உள்ள பிரெஞ்ச் கிரீக்கிலிருந்து வரும் படகு ஆட்களை மட்டுமே ஏற்றும், ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். கார் அக்கரையிலேயே நிற்கும், பாரமான சாமான்களுக்குத் தனியாக மிதவைப் படகு பிடிக்க வேண்டும். காற்று எழுந்தால் படகும் இல்லை. இப்படிப்பட்ட வீட்டுக்குக் கடன் கொடுக்கவும் காப்புறுதி எழுதவும் பலர் தயங்குகிறார்கள். கடைசியில் விலையின் ஒரு பகுதியை, சட்டத்தரணி மூலம் அடைமானம் எழுதி, நாங்களே அந்தத் தம்பதிக்குக் கடனாக விட்டோம். அதாவது நீங்கள் விற்கும் நாளில் முழுப் பணமும் கைக்கு வரும் என்று எண்ணி மற்றொரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

பாதியைப் பிரித்து விற்கலாம் என்ற கணக்கும் வேண்டாம். 1974இல் இந்தத் தீவுகளைக் காப்பதற்கென்றே சட்டம் போட்டுத் தீவுகள் அறக்கட்டளையை அமைத்தார்கள். காணியைத் துண்டாக்குவதற்கு அதன் விதிகள் கடுமையானவை. அவை இருப்பது நல்லது என்றே நான் நினைக்கிறேன், இல்லாவிட்டால் அந்தக் கரை எப்போதோ மாடிவீடுகளாகியிருக்கும்.

ஒரு வரிக் கணக்கு, இது எங்களைத் திடுக்கிட வைத்தது. குடியிருந்த வீட்டை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்பார்கள். அந்தச் சலுகை வீட்டோடு அரை ஹெக்டேர் நிலத்துக்குத்தான் பொதுவாகச் செல்லும். மிச்ச நிலமும் அந்த வீட்டில் வாழ்வதற்குத் தேவையானதுதான் என்று நீங்கள் காட்ட வேண்டும். பத்து ஏக்கர் என்பது நாலு ஹெக்டேர். வாங்கும் முன்பே கணக்காளரிடம் பேசுங்கள்.

செப்டம்பர் கடைசி வாரம் போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு இரவாவது தங்குங்கள். கயிறும் ஒரு கல்லும் எடுத்துச் செல்லுங்கள். கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு மேலே பேசுவோம்.