வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்ட சிஸ்டருக்கு

கேள்வி: ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் நைட் டியூட்டியில், ஆபரேஷன் முடிந்திருந்த 58 வயது நோயாளிக்கு 1.40க்கு பிரஷர் இறங்கியது. 1.45க்கும் 2.10க்கும் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் 3.20க்குத்தான் வந்தார். 4.30க்கு நோயாளி இறந்துவிட்டார். எல்லா நேரத்தையும் நர்ஸஸ் நோட்ஸில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அவருடைய மகன் கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுத்த அன்றே சூப்பரின்டென்டென்ட் மேடம் கூப்பிட்டு, “3 மணிக்குச் சொன்னேன், டாக்டர் உடனே வந்தார்” என்று புதுத் தாளில் மாற்றி எழுதச் சொன்னார். எழுதாவிட்டால் நானும்தான் மாட்டுவேன், நஷ்டஈடு என் தலையில் விழும் என்றார். என் ஒரிஜினல் சர்டிபிகேட்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன. பயத்தில் வெள்ளைத் தாளில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டேன். நான் எழுதிய பழைய பக்கங்களை அன்று காலையிலேயே போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அது தப்பா? 2.30 வாக்கில் சர்ஜனுக்கும் போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. அதை எழுத மறந்துவிட்டேன். இப்போது இடையில் சேர்த்துவிடலாமா? இறந்தவரின் மகன் வேறு என்னை போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

பதில்: சகோதரி, கடைசிக்கு முந்தின கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அங்கேதான் நீங்கள் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம்.

சர்ஜனுக்குப் போன் செய்தது உண்மை, அதனால் இடுக்கில் ஒரு வரி சேர்த்தால் என்ன என்று நினைக்கிறீர்கள். சேர்க்காதீர்கள். 2.10க்கும் 3.20க்கும் நடுவில் ஒரு மணி பத்து நிமிடம் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலாக நான் நின்றால் உங்களை அந்த இடைவெளியில்தான் நிறுத்துவேன். “டியூட்டி டாக்டர் வரவில்லை, சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்? ஐ.சி.யு.வுக்குச் சொன்னீர்களா?” அந்த நேரத்தில் இரண்டு வரிக்கு நடுவே நெருக்கி எழுதிய ஒரு வரி நீதிபதியின் கண்ணில் பட்டால், அந்த ஒரு வரி மட்டுமல்ல, அதற்கு மேலும் கீழும் நீங்கள் நேர்மையாக எழுதிய பத்து வரியும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். மறந்துபோனதை எழுத ஒழுங்கான வழி இருக்கிறது, நர்சிங் காலேஜிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ‘லேட் என்ட்ரி’ என்று தலைப்பிட்டு, இன்றைய தேதியும் இப்போதைய நேரமும் போட்டு, அன்று நடந்ததை எழுதிக் கையெழுத்திடுவது. ஆனால் கேஸ் ஷீட் இப்போது உங்கள் கையில் இல்லை. அதனால் கீழே நான் சொல்லும் கடிதத்தில் அதை எழுதுங்கள். உங்கள் போனில் அழைப்புப் பதிவு இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அழிந்துவிடப் போகிறது.

இனி மேடம் கேட்ட விஷயம். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, ஏன் இத்தனை அவசரம் என்பதுதான். டாக்டர்களின் தொழில் நடத்தை குறித்த 2002ஆம் ஆண்டு விதிமுறைகள்படி, நோயாளியோ அவர் தரப்பில் உரிமை உள்ளவரோ கேட்டால் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மகன் எழுதிக் கொடுத்த நிமிடத்தில் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த மூன்று நாளுக்குள் தாள் மாற வேண்டும், அதுவும் உங்கள் கையெழுத்தில்.

மாற்றி எழுதினால் என்ன ஆகும்? வழக்கு வரும் என்று தெரிந்தே, அங்கே சாட்சியமாகக் காட்டுவதற்காக ஒரு பதிவேட்டில் பொய்யாக எழுதுவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 228ஆம் பிரிவின்படி பொய்ச் சாட்சியம் புனைவது. நீதிமன்ற நடவடிக்கைக்காகச் செய்தால் 229ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறை. தாளைக் கிழித்துப் போடுவதற்கும் தனிப் பிரிவு இருக்கிறது. எழுதச் சொன்னவரும் தப்ப முடியாதுதான். ஆனால் எழுத்து உங்களுடையது. அவர் சொன்னார் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? அவர் வாயால்தானே சொன்னார்.

மாற்றி எழுதுவது அப்படி ஒன்றும் சுலபமும் இல்லை. நான் நடத்திய ஒரு நுகர்வோர் வழக்கில், ஊசி போட்டது 2 மணிக்கு என்று சார்ட்டில் அழகாக எழுதியிருந்தது. அந்த மருந்துக்கான பார்மசி பில்லில் அச்சாகியிருந்த நேரம் 3.40. மூன்று ஷிஃப்ட் நோட்ஸும் ஒரே பேனா, ஒரே சாய்வு. இரவு முழுவதும் ஓடியாடி வேலை செய்த ஒரு நர்ஸின் எழுத்து அப்படி இருக்குமா? குறுக்கு விசாரணை கால் மணி நேரம்கூட நீளவில்லை. உங்கள் விஷயத்தில் லேப் ரிப்போர்ட்டில் நேரம் இருக்கும், வராந்தா கேமராவில் டாக்டர் நடந்து வருவது இருக்கும், காலையில் உங்களிடமிருந்து டியூட்டியை ஹேண்டோவர் வாங்கிய சிஸ்டர் இருக்கிறார்.

“நீயும்தான் மாட்டுவாய்” என்ற மிரட்டலைத் தனியாகப் பார்ப்போம், அதில் பாதி உண்மை. கவனக்குறைவால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவு. பொதுவாக ஐந்து வருடம் வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நேர்ந்தால் மட்டும் அது இரண்டு வருடம் வரை என்று குறைகிறது. அந்தச் சலுகைக்கான விளக்கத்தில் மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ள டாக்டர்கள்தான் வருகிறார்கள், நர்ஸ் வரவில்லை. ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றவர்களுக்கு இரண்டு அளவுகோல். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

மீதிப் பாதி வெறும் பூச்சாண்டி. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரணக் கவனக்குறைவு குற்றம் ஆகாது, மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு என்றது. அங்கேயும் மூச்சுத்திணறிய நோயாளி, டாக்டரைக் கூப்பிட்ட நர்ஸ், இருபது இருபத்தைந்து நிமிடம் யாரும் வரவில்லை என்ற புகார். அது டாக்டர்கள் மீதான வழக்கு. நர்ஸுக்கும் அதே அளவுகோல்தான் என்று நாம் வாதிடலாம். பிரஷர் இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் டாக்டரைக் கூப்பிட்டவர், திரும்பவும் கூப்பிட்டவர், சர்ஜனையும் முயன்றவர் மீது கடுமையான அலட்சியம் என்று சொல்வது கஷ்டம். இதையெல்லாம் காட்டுவது எது? அவர்கள் மாற்றச் சொல்லும் அதே சிவப்பு மைப் பக்கம்தான். “3 மணிக்குச் சொன்னேன்” என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், 1.40க்கு இறங்கிய பிரஷரை எண்பது நிமிடம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர் நீங்கள் என்று ஆகிவிடும். டாக்டர் பழியிலிருந்து தப்பிவிடுவார். மேடம் இதை உங்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்.

நஷ்டஈடு என்றால், ஊழியரின் தவறுக்கு நிறுவனம் பொறுப்பு. டெல்லியில் ஒரு குழந்தைக்கு நர்ஸ் தவறாக நரம்பில் ஊசி போட்ட வழக்கில், 1998இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமனையின் பொறுப்பை உறுதி செய்தது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம்.

இப்போது கடிதம். இன்றே எழுதுங்கள், நாளைக்கு வேண்டாம். சூப்பரின்டென்டென்ட்டுக்கும் நிர்வாக இயக்குநருக்கும். கோபமாக எழுத வேண்டாம், யாரையும் திட்ட வேண்டாம். இன்ன தேதி இன்ன நேரம் கேட்டுக்கொண்டதால் எதுவும் எழுதாத தாளில் கையெழுத்திட்டேன், அதில் இனி எது எழுதப்பட்டாலும் அது என் குறிப்பு அல்ல, அந்த இரவுக்கான என் குறிப்புகள் கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே உள்ளவை மட்டுமே, 2.30 வாக்கில் சர்ஜனுக்குச் செய்த அழைப்பு அதில் விடுபட்டிருக்கிறது; அந்தத் தாளைத் திருப்பித் தரவும். அவ்வளவுதான். ஈமெயிலிலும் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். ரசீதை வீட்டில் வையுங்கள், ஹாஸ்டல் லாக்கரில் வேண்டாம்.

போனில் எடுத்த படங்கள்: உங்கள் சொந்தக் குறிப்பைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்தீர்கள் என்று சொல்ல உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அது நோயாளியின் ரகசியம். இறந்துவிட்டதால் ரகசியம் தீர்ந்துவிடாது. தோழியின் வாட்ஸாப்புக்குப் போனால் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், நர்சிங் கவுன்சில் வரை போகலாம், பதிவிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. போலீஸோ நீதிமன்றமோ கவுன்சிலோ கேட்டால் கொடுங்கள். அதுவரை போனை மாற்றாதீர்கள், படத்தை எடிட் செய்யாதீர்கள்.

அந்த மகனிடம் பொய்யும் சொல்ல வேண்டாம், படத்தையும் அனுப்ப வேண்டாம். “நகல் கேட்பது உங்கள் உரிமை, 72 மணி நேரத்தில் தர வேண்டும், எழுதிக் கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லலாம். அப்பாவைப் பறிகொடுத்தவரிடம் இதைக்கூடச் சொல்லாமல் போனைத் துண்டிப்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. அந்த இரவைப் பற்றி அவர் மேற்கொண்டு கேட்டால், விசாரணையில் கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்வேன் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். போலீஸ் வாக்குமூலம் கேட்டால், சாட்சியாக உங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு அது.

சர்டிபிகேட்களை நிறுத்தி வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. கல்விச் சான்றிதழ் அடமானப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. ஒரு வக்கீல் நோட்டீஸ் போனால் பெரும்பாலும் வந்துவிடும். வேலை போகுமா என்றால், போகலாம். அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல மாட்டேன். வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால், உங்கள் ஊர் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். போனில் என்றால் 15100.

ஒன்று விட்டுப்போனது. கையெழுத்துப் போட்டது ஒரு தாளா, இரண்டா என்று நீங்கள் எழுதவில்லை. நிதானமாக யோசித்து, கடிதத்தில் எண்ணிக்கையைச் சரியாகப் போடுங்கள்.