விமானம் இறங்கிய கையோடு ரயில்: ஜெர்மனிப் பயணக் கேள்வி பதில்

ஜெர்மனியில் வந்து இறங்கும் நாளில் ரயில் பிடித்து ஊர் போய்ச் சேருவது பற்றிப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டு, எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். டிக்கெட் விலையைவிட இறங்கிய உடம்பின் நிலையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பதில்களை அந்தக் கணக்கில் படியுங்கள்.

அக்கா, முதுகலை படிக்க இல்மெனாவ் போகிறேன். சென்னை விமானம் காலை 7.50-க்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கும். 9.30 மணி ரயிலுக்கு சூப்பர் ஷ்பார்பிரைஸ் டிக்கெட் ரொம்ப மலிவாக இருக்கிறது. எடுத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. அந்த மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலோடு கட்டப்பட்டது. விமானம் தாமதமாகி அந்த ரயிலை விட்டால் டிக்கெட் போனது போனதுதான். ரயில் தாமதமானால்தான் ரயில்வே பொறுப்பேற்கும். தனியாக வாங்கிய விமான டிக்கெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சூப்பர் ஷ்பார்பிரைஸை ரத்து செய்து பணம் வாங்கவும் முடியாது.

7.50 என்பது விமானம் வந்து நிற்கும் நேரம்தான். அதற்குப் பிறகு குடிநுழைவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பது, சுங்கம், நீண்ட நடை எல்லாம் இருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல், குறுகிய காலம் தங்க வருபவர்களிடம் எல்லையில் கைரேகையும் முகப் படமும் எடுக்கத் தொடங்கினார்கள். உங்களுடையது நீண்ட காலப் படிப்பு விசா என்பதால் அந்தப் பதிவு உங்களுக்குக் கிடையாது. ஆனாலும் வரிசை மெதுவாக நகர்ந்தால் நீங்களும் நிற்கத்தான் வேண்டும்.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. முதலாவது, விமான டிக்கெட்டோடு சேர்த்தே ரயிலையும் வாங்குவது. ரெயில் அண்ட் ஃப்ளை என்று பல விமான நிறுவனங்கள் தருகின்றன. விமானம் தாமதமானாலும் அடுத்த ரயிலில் போகலாம். வந்து இறங்கிய மறுநாள்கூடச் செல்லும். ஆனால் விமான டிக்கெட்டை மட்டும் காட்டினால் போதாது, ரயில் டிக்கெட்டை இணையத்தில் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஃப்ளெக்ஸ்பிரைஸ். விலை அதிகம், ஆனால் அந்த நாளில் அதே வழியில் எந்த ரயிலிலும் ஏறலாம். மூன்றாவது, மலிவு டிக்கெட்டேதான் வேண்டுமென்றால், இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையில் நான்கு மணி நேரமாவது விட்டு எடுங்கள். நடுவில் முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டு, சிம் கார்டு வேலையையும் முடித்துவிடலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வழிதான்.

எர்ஃபர்ட் வரை ஐசிஇ என்ற அதிவேக ரயில், அங்கிருந்து இல்மெனாவுக்கு உள்ளூர் ரயில் ஒரு மணி நேரம் போல. அந்தக் கடைசித் துண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். உள்ளூர் ரயிலில் ரயில் எண்ணோடு கட்டுப்பாடு கிடையாது, ஒன்றை விட்டால் அடுத்ததில் ஏறலாம்.

உள்ளூர் ரயில், தொலைதூர ரயில் என்று பிரித்துச் சொல்கிறீர்களே, எப்படிக் கண்டுபிடிப்பது? 63 யூரோ டிக்கெட் எதில் செல்லும்?

ரயில் பெயரின் முதல் எழுத்துகளைப் பாருங்கள். ஆர்இ, ஆர்பி, எஸ் என்று தொடங்கினால் உள்ளூர் ரயில். ஐசிஇ, ஐசி, இசி என்றால் தொலைதூரம்.

நீங்கள் கேட்பது டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கியது, 2025-இல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. நாடு முழுக்க உள்ளூர் ரயில், மெட்ரோ, டிராம், நகரப் பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ-யில் செல்லாது. இந்த டிக்கெட்டோடு அதில் ஏறிவிட்டு 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால் பரிசோதகர் ஏற்கமாட்டார். இது மாதச் சந்தா என்பதையும் நினைவில் வையுங்கள்: 25-ஆம் தேதி வாங்கினாலும் அந்த மாதக் கடைசிவரைதான். பொதுவாக மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போகும். பல விற்பனையாளர்கள் ஐரோப்பிய வங்கிக் கணக்கு கேட்பார்கள், சிலர் கார்டும் ஏற்கிறார்கள். மாணவர்கள் அவசரப்பட வேண்டாம். பல பல்கலைக்கழகங்கள் செமஸ்டர் கட்டணத்திலேயே இதைச் சேர்த்துத் தருகின்றன. ஆனால் அது செமஸ்டர் தொடங்கும் நாளிலிருந்துதான் செல்லும். அதற்கு முன்பே வந்து இறங்கினால் அந்த முதல் பயணத்துக்குத் தனி டிக்கெட் தேவை.

இந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து எர்ஃபர்ட்டுக்கு உள்ளூர் ரயிலிலேயே போகலாமா என்றும் இருவர் கேட்டிருக்கிறார்கள். போகலாம்தான். ஃபுல்டா, பெப்ரா, ஐசனாக் என்று மாறி மாறி இறங்கி ஏற வேண்டும். இரவு முழுக்கத் தூங்காமல், இரண்டு பெரிய பெட்டிகளோடு அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே டிக்கெட்டில் மைன்ஸ், கோப்லென்ஸ் போவதென்றால் தாராளமாகப் போங்கள். விமான நிலையத்திலிருந்தே நேரடி ஆர்இ இருக்கிறது, மைன்ஸ் தாண்டியதும் ரைன் நதிக்கரையை ஒட்டியே ஓடும்.

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள் என்கிறார்களே?

ஆமாம். முதல் முனையத்தின் அடியில் இருப்பது ரெஜியோனால்பான்ஹோஃப், நடைமேடை 1 முதல் 3 வரை. எஸ்8, எஸ்9, ஆர்இ ரயில்கள் அங்கேதான். ஐசிஇ நிற்பது ஃபெர்ன்பான்ஹோஃப், நடைமேடை 4 முதல் 7 வரை. அதற்கு மூடிய நடைபாலம் வழியாகப் போக வேண்டும். வேறு முனையத்தில் இறங்கினால் முதலில் முதல் முனையத்துக்கு வர வேண்டும்.

நகருக்குள் போய் ரயில் மாறுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எஸ்8, எஸ்9 ரயில்கள் ஃபிராங்க்ஃபர்ட் தலைமை நிலையத்தின் அடித்தளத்தில், 101 முதல் 104 வரை உள்ள நடைமேடைகளில் வந்து நிற்கும். மற்ற ரயில்கள் மேலே, 1 முதல் 24 வரை. ரயில்வேயின் செயலி, ரயில் மாற எட்டு நிமிடம் போதும் என்று காட்டும். அது கைப்பை மட்டும் வைத்திருப்பவருக்கு. பெட்டிகளோடு லிஃப்ட் தேடிப் போக இருபது நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள். செயலியிலேயே மாறுவதற்கான குறைந்தபட்ச நேரத்தை நாமே கூட்டிக் கேட்கலாம்.

இன்னொன்று: டிக்கெட் எடுக்கும்போது 'ஃபிராங்க்ஃபர்ட் (மைன்)' என்று இருக்கிறதா பாருங்கள். 'ஃபிராங்க்ஃபர்ட் (ஓடர்)' போலந்து எல்லையில் இருக்கும் வேறு ஊர்.

அம்மா அப்பா முதல் தடவை தனியாக வருகிறார்கள். நான் ஃப்ரைபர்க்கில் இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர்களே ரயிலேறி வரச் சொல்லலாமா?

உங்களால் முடிந்தால் விமான நிலையத்துக்கே போய் அழைத்து வாருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பத்து மணி நேர விமானத்துக்குப் பிறகு, மொழி தெரியாத இடத்தில், கடைசி நிமிடத்தில் நடைமேடை மாறினால் இளையவர்களே தடுமாறுவார்கள்.

போக முடியாத சூழ்நிலை என்றால், மாறாமல் வரும் ரயிலைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள். ஃபெர்ன்பான்ஹோஃபிலிருந்து ஃப்ரைபர்க்குக்கு நேரடி ஐசிஇ உண்டு, இரண்டு மணி நேரம் போல ஆகும். விலை கூடினாலும் அதையே எடுங்கள். இருக்கை முன்பதிவு இங்கே தனி. டிக்கெட் இருந்தால் மட்டும் இருக்கை உறுதியாகாது, அதையும் சேர்த்து வாங்குங்கள். ரயில் ஏற உதவி வேண்டும் என்று ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்சே பானின் மாற்றுத்திறனாளி, முதியோர் உதவி மையத்தில் முந்தைய நாளே பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. விமானத்தில் சக்கர நாற்காலி கேட்டிருந்தால் அது ரயில் வரைக்கும் வரும் என்று நம்பி இருக்காதீர்கள், இதைத் தனியாகத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு தாளில் ரயில் எண், பெட்டி எண், இருக்கை எண், உங்கள் தொலைபேசி எண், 'ஃப்ரைபர்க்கில் இறங்க வேண்டும்' என்று ஜெர்மனில் ஒரு வரி, இவ்வளவையும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புங்கள். நடைமேடையில் ஏ, பி, சி என்று பகுதிகள் பிரித்திருப்பார்கள். அவர்களின் பெட்டி எந்தப் பகுதியில் நிற்கும் என்று செயலியில் பார்த்து, போனில் நீங்களே சொல்லுங்கள். பெரிய நிலையங்களில் பான்ஹோஃப்ஸ்மிஸ்ஸியோன் என்று தேவாலய அமைப்புகள் நடத்தும் உதவி அறை இருக்கும். வழி தெரியாமல் நின்றால் அங்கே போகலாம், யாரையும் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

ரயிலில் தூங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அலாரம் வையுங்கள், ஆனால் திட்டமிட்ட நேரத்துக்கு அல்ல, செயலி காட்டும் தற்போதைய நேரத்துக்கு. கோடையில் ஜெர்மனி நம்மூரைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். அதனால் இறங்கிய அன்று பிற்பகலிலேயே கண் சொருகும்.

அதைவிட முக்கியமான ஒன்று, நடுவழியில் ரயில் இரண்டாகப் பிரிவது. மியூனிக் நகரிலிருந்து வரும் எஸ்1 நொய்ஃபார்னில் பிரிந்து, ஒரு பாதி விமான நிலையத்துக்கும் மறு பாதி ஃப்ரைஸிங்குக்கும் போகும். மியூனிக்கிலிருந்து மலைப்பக்கம் போகும் ரயில் ஹோல்ஸ்கிர்ஷனில் பிரியும். ஏறும்போது பெட்டியின் வெளிப் பலகையில் உங்கள் ஊர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

நாங்கள் நான்கு பேர் குடும்பம். வியாழக்கிழமை காலை 7.30-க்கு மியூனிக்கில் இறங்குகிறோம். அன்றே நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை பார்க்கலாமா? பயர்ன் டிக்கெட் சரியா?

டிக்கெட் மிகச் சரி. பயர்ன் டிக்கெட் என்பது மியூனிக் இருக்கும் பயர்ன் மாநிலத்தின் உள்ளூர் ரயில்களுக்கான ஒரு நாள் டிக்கெட். ஐந்து பேர் வரை செல்லும், வார நாளில் காலை 9 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 3 மணி வரை. நீங்கள் பெட்டியோடு வெளியே வரவே ஒன்பது ஆகிவிடும், அதனால் நேரமும் பொருந்துகிறது. விமான நிலையத்திலிருந்து வரும் எஸ்1, எஸ்8 இரண்டிலும் செல்லும்.

கோட்டையை அன்று வைக்காதீர்கள். நகருக்கு முக்கால் மணி நேரம், அங்கிருந்து கோட்டைக்கு அருகிலுள்ள ஃப்யூஸன் ஊருக்கு இரண்டு மணி நேரம், பிறகு பேருந்து, பிறகு மலையேற்றம். உள்ளே போகும் டிக்கெட்டில் நேரம் குறித்திருப்பார்கள், தவறினால் நுழைய முடியாது. குழந்தைகள் அங்கே போய்ச் சேர்ந்ததும் தூங்கிவிடுவார்கள். முதல் நாள் மியூனிக்கிலேயே பூங்காவில் நடந்துவிட்டுச் சீக்கிரம் படுங்கள். மறுநாள் இன்னொரு பயர்ன் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனால் அந்த இடம் மனதில் நிற்கும்.

ஜெர்மன் ரயில் என்றால் நிமிடம் பிசகாது என்று நினைத்தோம். இப்போது வேறு மாதிரி சொல்கிறார்களே?

2024-இல் தொலைதூர ரயில்களில் சரியான நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம். அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே எண்ணாத கணக்கு. பழைய தடங்களைப் பல வருடம் கவனிக்காமல் விட்டதன் விளைவு இது. இப்போது ஒவ்வொரு தடமாக மாதக்கணக்கில் மூடிச் சீரமைக்கிறார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் மன்ஹைமுக்கும் இடைப்பட்ட தடம் 2024 ஜூலை முதல் டிசம்பர் வரை மூடியிருந்தது. ஆகவே பயணத்துக்கு முந்தைய வாரம் செயலியில் மறுபடி பாருங்கள். 'ஷீனன்எர்ஸாட்ஸ்ஃபெர்கேர்' என்று இருந்தால் அந்தத் துண்டுக்குப் பேருந்து. 'ஃபெல்ட் அவுஸ்' என்றால் ரயில் ரத்து.

உங்கள் உரிமைகளும் தெரிந்திருக்கட்டும். சேருமிடத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தாலே மலிவு டிக்கெட்டின் ரயில் கட்டுப்பாடு நீங்கிவிடும், வேறு ரயிலில் போகலாம். 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கு, 120 நிமிடமானால் பாதி திரும்பக் கிடைக்கும். புயல் போன்ற காரணங்களுக்கு விதிவிலக்கு உண்டு.

நிலையத்தில் கதவே இல்லையே, டிக்கெட்டை எங்கே காட்டுவது?

ரயிலுக்குள் வந்து கேட்பார்கள். சில ஊர்களில் காகித டிக்கெட்டை ஏறும் முன் சின்னப் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும், மியூனிக் அப்படி. குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் ஒன்றுதான், அபராதம் 60 யூரோ.

என் விமானம் இரவு 8.40-க்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறது. சின்ன ஊருக்குப் போக வேண்டும், கடைசி உள்ளூர் ரயில் 11.15. பிடித்துவிடலாமா?

கணக்குப்படி பிடிக்கலாம். ஆனால் உங்கள் திட்டத்தில் இரண்டு இடத்தில் ரயில் மாற வேண்டியிருக்கிறது, அதில் ஒன்று தவறினால் ஆளில்லாத நிலையத்தில் இரவு நிற்க வேண்டி வரும். சிறிய ஊர் நிலையங்களில் காத்திருப்பு அறைகூட இருக்காது. அன்று இரவு விமான நிலையத்துக்கு அருகிலோ, எஸ்8-இல் அரை மணி நேரத்தில் போகக்கூடிய மைன்ஸிலோ தங்கிவிடுங்கள். காலை எட்டு மணிக்கு மேல் கிளம்பினால் அலுவலகக் கூட்டமும் குறைந்திருக்கும், வீட்டுச் சாவி தருபவரும் விழித்திருப்பார். அவருக்கு இன்றே ஒரு செய்தி அனுப்பி, சாவியை மறுநாள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள்.